ஃபுல்வியா விற்பனைக்கு

காரை வாங்க வந்த மனிதர் காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டின் கூரையைப் பார்த்தார். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்தார். தரையில் ஊறிப்போயிருந்த எண்ணெய்க் கறையைக் குனிந்து முகர்ந்தே பார்த்தார். தாரணிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இரண்டு தடவை காபி கொடுத்தாயிற்று. இப்படியே போனால் இலை போட்டுச் சாப்பாடும் போட வேண்டியிருக்கும் போலிருந்தது.

"ஏனுங்க, காரு அங்க நிக்குதுங்க" என்றாள்.

"பார்த்தேம்மா, பார்த்தேன்" என்றார் வயிரவன். காரைக்குடிக்காரர். பழைய கார்களைச் சேர்த்து வைத்து, அதற்கென்றே ஒரு பெரிய கூடம் கட்டியிருப்பவர். "காரைப் பார்த்து இப்ப என்னம்மா தெரியப் போகுது? அச்சு மிஷின் வந்ததுக்கப்புறம் எல்லாம் போச்சு. போட்டோவைக் கொடுத்தா இதே ஃபுல்வியாவை, இதே சிவப்புல, இதே நம்பரைக் குத்தி, ஒரு வாரத்துல அச்சடிச்சு வாசல்ல நிறுத்திருவான். ரெண்டு தடவை நானே ஏமாந்திருக்கேன். அதனால நான் காரை வாங்குறதில்ல. பழைய காரைப் புதுப்பிச்சுப் பண்ணவரைப் பார்த்துத்தான் வாங்குறேன். அவர் வாயால கதையைக் கேட்டுப் பதிவு பண்ணிக்கிருவேன். என் கூடத்துல ஒவ்வொரு காருக்குப் பக்கத்துலயும் அதைப் பண்ணவர் குரல் பேசிக்கிட்டே இருக்கும்."

"எண்ணெய்க் கறையை எதுக்குங்க மோந்து பார்த்தீங்க?"

"அதை இன்னும் எவனும் அச்சடிக்கலம்மா."

தாரணிக்குப் பகீரென்றது. காரைப் பண்ணவரைப் பார்க்க வேண்டுமாம். விலை பேசுவார், கமிஷன் கேட்பார், டயர் தேய்ந்திருக்கிறது என்று குறை சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். லான்சியா ஃபுல்வியா. இத்தாலியில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். தாரணியின் அப்பாவே பிறந்திருக்காத காலத்து வண்டி. எந்தக் காலத்திலோ ஒரு மில் முதலாளி ஆசைப்பட்டுக் கப்பலில் வரவழைத்து, ஆசை தீர்ந்ததும் குடோனில் போட்டு மறந்துபோனது. தாரணியின் கணவன் நவநீதன் அதைக் கண்டுபிடித்து வடவள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எஞ்சினுக்குள் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. கல்யாணமாகி அப்போதுதான் மூன்றாவது வருஷம். "சீக்கிரம் முடிச்சுருவேன்" என்றார். அதற்குப் பிறகு மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி நியூசிலாந்துக்கே போய்விட்டாள். கார் முடிந்தபாடில்லை.

நெசவு இயந்திரக் கம்பெனியில் வேலை முடிந்து வந்தால் நேராக ஷெட். ஞாயிற்றுக்கிழமை ஷெட். பண்டிகை நாளில் குளித்துவிட்டு ஷெட், சில பண்டிகைகளில் குளிக்காமலேயே ஷெட். உதவிக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ளச் சொன்னால் அதுவும் கூடாது, இன்னொருத்தர் கை படக்கூடாதாம். காருக்கு ஃபுல்வியா என்று பெண் பேராக இருந்தது வேறு தாரணிக்கு வசதியாகப் போயிற்று. அவள் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு, பத்து வருஷத்துக்குப் பிறகு விளையாட்டாக இல்லை.

கடைசியில் கார் முடிந்தது. வண்ணமடித்து, தோல் சீட்டு தைத்து, முதல் தடவையாகத் தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய் வந்த அந்த மாதத்திலேயே நவநீதனுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது.

உயிர் பிழைத்தார். கைகால் விளங்கியது. பேச்சும் வந்தது. ஆனால் வாழ்ந்த வாழ்க்கைதான் வரவில்லை. கூட்டல் பெருக்கல் தெரியும், பல் விளக்கத் தெரியும், தாரணி யார் என்று மட்டும் தெரியாது. அதற்குத்தான் நினைவுத் தையல் என்று புதிய சிகிச்சை ஒன்று வந்திருந்தது. மூளையில் செத்துப்போன இடத்தை எடுத்துவிட்டு, அவருடைய உடல் செல்லிலிருந்தே வளர்த்த புதுச் சதையை வைத்துவிடுவார்கள். அது வெறும் சிலேட்டு.

"சிலேட்டுல நீங்கதான் எழுதணும்" என்று சொன்னார் டாக்டர் பர்வீன். "அவர் தலையில ஒரு தொப்பி மாட்டுவோம். வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா உட்கார்ந்து, அவரோட வாழ்ந்ததைச் சொல்லணும். புதுச் சதை அதைப் பிடிச்சுக்கிட்டா பச்சை விளக்கு எரியும். அப்புறம் அது அவருக்குக் கேட்ட கதை இல்லீங்க, நடந்த ஞாபகம். அதனால நீங்க கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க. ஒரு வருஷத்துல அது இறுகிடும். அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்று கொங்கு நாட்டில் ஒரு குடும்பத்திடம் சொன்ன அந்த டாக்டருடைய வெள்ளை மனதை என்னவென்று சொல்வது! சொந்தக்காரர்கள் எல்லாரும் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள், சோற்றுத் தூக்குகளோடு.

முதலில் யார் சொல்வது என்பதிலேயே தகராறு. பெண்டாட்டி என்ற முறையில் தாரணி முன்னால் போனாள். நவநீதனின் அக்கா கோகிலவாணி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் இரு அம்மிணி. என்ற தம்பி கல்யாணத்துல இணைச்சீர் பண்ணுனது ஆரு? நானு. மணவறையில உன்னைய உக்கார வெக்கறதுக்கு முன்னாலயே அவம் பக்கத்துல நின்னவ நானு. மொதல்ல நாந்தான் சொல்லோணும்."

மாப்பிள்ளைக்கு இணையாக நின்று சீர் செய்த இணைச்சீர்க்காரிக்கு முன்னால் யார் என்ன பேச முடியும்? கோகிலவாணி உட்கார்ந்தாள். சின்ன வயதில் தான் கோள் சொல்லித் தம்பிக்கு அப்பாவிடம் அடி வாங்கித் தந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அக்கா பேச்சைத் தட்டாத தம்பி ஒருவனைச் சொல்லி முடித்தாள். விளக்கு பச்சையாக எரிந்தது. அடுத்து வந்த சித்தப்பா, வருஷா வருஷம் பழனிக்கு நடந்தே வருவதாக இவன் வேண்டியிருந்தான் என்றார். பச்சை. பெரியப்பா ஒருவர் ஆளையே கட்சி மாற்றிவிட்டார். பச்சை. நியூசிலாந்திலிருந்து திரையில் வந்த மகள், தன் காதலனைப் பார்த்தவுடனேயே அப்பாவுக்குப் பிடித்துப்போனதையும், ஆனந்தக் கண்ணீர் விட்டதையும் விவரித்தாள். மாப்பிள்ளையோடு நாலு வருஷம் பேசாமல் இருந்த மனிதர் இப்போது வாராவாரம் கூப்பிட்டு மழை பெய்கிறதா என்று விசாரிக்கிறார்.

தாரணி மற்றவர்களை எத்தனை குறை சொன்னாலும், அவள் முறை வந்தபோது அவளும் சும்மா இருக்கவில்லை. "காரைப் பத்திச் சொல்ல யாராவது இருக்காங்களா? லேத்து பட்டறைக்காரர், பெயின்டர், அந்த மாதிரி?" என்று டாக்டர் கேட்டார். "நானே சொல்லிடறனுங்க" என்றாள். சொன்னாள். தனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னாள். கடைசியில் ஒரு வரியையும் சேர்த்தாள்: காரு முடிஞ்சதும் வித்துரலாம்னு நீங்களே சொன்னீங்க.

பச்சை எரிந்தது. அவ்வளவுதான், முடிந்தது தொல்லை என்று நினைத்தாள்.

இப்போது வயிரவன் ஒரு சின்னப் பதிவுக் கருவியைக் காரின் பானெட் மேல் வைத்துவிட்டு, "ஐயாவைக் கூப்பிடுங்கம்மா" என்றார்.

நவநீதன் வந்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு, சாந்தமான முகம். பழைய நவநீதன் இந்த ஷெட்டுக்குள் சட்டையோடு வந்ததே கிடையாது. காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு வண்டியைப் பார்ப்பதுபோல் ஒதுங்கி நின்றார்.

"ஐயா, இந்தப் பெட்ரோல் பம்ப் அந்தக் காலத்துதா, நீங்க மாத்துனதா?"

"அதுக்காகத்தானுங்க ஒரு தீபாவளி அன்னிக்கு வீட்டுலயே இல்லாம போயிட்டேன்" என்றார் நவநீதன். "பலகாரமெல்லாம் ஆறிப் போச்சுங்க. பாப்பா பட்டாசு வெக்காம உக்காந்துட்டு இருந்தா."

"சரிங்க. பம்ப் எங்க கிடைச்சது?"

நவநீதன் யோசித்தார். "அது ஞாபகம் இல்லீங்க. பலகாரம் ஆறுனது ஞாபகம் இருக்குது."

வயிரவன் தாரணியைப் பார்த்தார். தாரணி கூரையைப் பார்த்தாள்.

"இந்தச் சிவப்பு ரொம்பச் சரியா வந்திருக்கு. எப்படிப் பிடிச்சீங்க?"

"அந்தப் பெயிண்டு நாத்தத்துல வீட்டுல ஒரு வாரம் சோறு எறங்கலைங்க. ஒரே தலவலி."

"ஐயாவுக்கா?"

"எனக்கு..." என்று ஆரம்பித்த நவநீதன் நிறுத்திக்கொண்டார். நெற்றியைத் தடவிப் பார்த்தார். "எனக்கில்லீங்க போலிருக்குது" என்றார் குழப்பத்தோடு.

தாரணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பம்பு மைசூர்ல கெடைச்சதுங்க" என்று எரிச்சலோடு குறுக்கே வந்தாள். "பழைய காரு வெச்சிருந்த ஒரு காபித் தோட்டத்துக்காரரு குடுத்தாரு. அதுக்கு முன்னால வாங்குன ரெண்டும் சேரலை. பெயிண்டை ஏழு தடவ அடிச்சுச் சொரண்டுனாரு, கதவு இடுக்குல ஒளிஞ்சிருந்த பழைய செவப்போட ஒத்து வர்ற வரைக்கும். கியரு பொட்டிக்குள்ள ஒரு பல்லுச் சக்கரம் மட்டும் புதுசு, இங்க கணபதியில ஒரு லேத்து பட்டறையில கடைஞ்சது. மத்ததெல்லாம் இத்தாலிங்க."

"இவ்வளவும் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தூங்கறப்பக்கூட அதையேதானுங்க பேசுவாரு. காது அடைச்சா போச்சு?"

வயிரவன் பானெட்டைத் திறக்கச் சொன்னார். நவநீதனின் கை, கேட்காமலேயே, டாஷ்போர்டுக்கு அடியில் சரியான இடத்துக்குப் போய்ச் சரியான கம்பியை இழுத்தது. கைக்குத் தெரிந்திருந்தது. முகத்துக்குத் தெரியவில்லை. கையை வெளியே எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

வயிரவன் பதிவுக் கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். தாரணியைத் தனியாக வாசல் பக்கம் கூட்டிப் போனார்.

"தையல் போட்டிருக்கா, ஐயாவுக்கு?"

"ஆமாங்க."

"நினைச்சேன். எங்க சொந்தத்துலயும் ஒருத்தருக்குப் போட்டாங்க." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "கார் அசல்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீங்க சொன்ன தகவலும் சரியா இருக்கும். ஆனா பண்ணவர் இல்ல. பண்ணவர் இல்லாத காரை நான் கூடத்துல நிறுத்துறதில்ல. வேணும்னா ஒண்ணு செய்யலாம். எங்கிட்ட இன்னொரு ஃபுல்வியா இருக்கு, சென்னையில ஒருத்தர் பண்ணது. அதுக்கு அசல் உதிரி தேவைப்படுது. இதைப் பிரிச்சு எடுத்துக்கிறேன். விலையும் நியாயமாக் கொடுத்துடுறேன். வர்ற வியாழக்கிழமை லாரி அனுப்பவா?"

பிரித்து எடுத்துக்கொள்வதாம். தாரணி அந்தக் காரைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிடலாமா என்று எத்தனையோ தடவை யோசித்தவள். இப்போது அதைப் பிரிக்கிறேன் என்று ஒருவர் சொன்னதும், திரும்பி ஒரு தடவை ஷெட்டைப் பார்த்தாள். சரியென்று தலையாட்டி அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

நவநீதன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாகற்காய் அரிந்துகொண்டிருந்தார். பழைய நவநீதன் பாகற்காயைக் கண்டால் எழுந்து போய்விடுவார். இது யார் செருகிய ஞாபகம் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

"காரைப் பிரிச்சு உதிரியா எடுத்துக்கறாராம்" என்றாள்.

"அப்படியா? சரி."

"சரியா? முழுசா வெச்சிருக்க மாட்டாராம். எஞ்சின் தனி, கதவு தனி, சீட்டு தனி. வியாழக்கிழமை லாரி வருதாம்."

"உனக்குச் சரின்னா எனக்குச் சரி, தாரணி."

"ஏனுங்க, இருவது வருஷத்துக்கு மேல உக்காந்து பண்ணுன காருங்க அது!"

"நாந்தான் வித்துரலாம்னு சொன்னேனே."

அவ்வளவுதான். தாரணி பாகற்காய்த் தட்டைப் பிடுங்கி அந்தப் பக்கம் வைத்தாள். "சண்டை போடுங்க!" என்று கத்தினாள். "ஒரு தடவயாவது முடியாதுன்னு சொல்லுங்க! அக்கா கூப்புட்டா போறீங்க, சித்தப்பா சொன்னா காவடி எடுக்கறீங்க, நான் சொன்னா காரைப் பிரிக்கக் குடுக்கறீங்க. உங்களுக்குன்னு ஒண்ணுமே கெடையாதா? அதைத் தொட்டா எங்கிட்ட எப்படிச் சண்டைக்கு வருவீங்க தெரியுமா? ஒரு தடவ ஷெட்டைக் கூட்டுறேன்னு ஒரு போல்ட்டைத் தூக்கிப் போட்டதுக்கு ரெண்டு நாள் எங்கூடப் பேசலைங்க நீங்க!"

நவநீதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சாந்தம்தான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. வீட்டில் ஒரு நல்ல விருந்தாளியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவதுபோல் இருந்தது.

"கோவிச்சுக்காத" என்றார். "காருன்னு நெனச்சா எனக்குக் காரே வரமாட்டேங்குது. ஒரு ஆளோட முதுகுதான் வருது."

"என்ன முதுகு?"

"பனியன் போட்ட முதுகு. குனிஞ்சு என்னமோ பண்ணிட்டு இருக்குது. நான் ஷெட்டு வாசல்ல நிக்கறேன். சாப்பிட வாங்கன்னு கூப்பிடறேன். திரும்பறதில்ல. மறுபடி கூப்பிடறேன். ம்ங்கற சத்தம் மட்டும் வருது. அப்பறம் நான் உள்ள போயித் தட்டை மூடி வெக்கறேன். எந்த ஞாபகத்தை எடுத்தாலும் இப்படித்தான். அந்த முதுகு நாந்தான்னு எனக்குப் புரியறதுக்கே கொஞ்ச நாள் ஆச்சு, தாரணி."

பிடுங்கிய பாகற்காய்த் தட்டைத் தாரணி அவர் முன்னால் திரும்ப வைத்தாள்.

"வித்துரலாம்னு நான் சொன்னதா ஒரு ஞாபகம் இருக்குது. அது கொஞ்சம் ஒட்டாமத்தான் இருக்குது. ஆரு சொல்லிக் குடுத்ததுன்னு நான் கேக்கலை. அந்த ஞாபகத்தை நம்பி நான் விக்கச் சொல்லலை. அந்த வாசல்ல நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியுமல்ல. நான் நின்னிருக்கறேன். அதான், இனி ஒருத்தரும் அங்க நிக்க வேண்டாம்னு பாத்தேன்."

அந்தக் கார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தாரணி இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மனுஷன் அந்த வாசலில் வந்து நின்று பார்த்தால் தெரியும் என்று எத்தனை தடவை அடுப்படியில் தனக்குத் தானே பொருமியிருப்பாள். இப்போது நின்றுவிட்டார். அவள் நின்ற ஒவ்வொரு தடவையும் அவரும் நின்றுவிட்டார். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் வேறு. அந்த முரட்டு மனுஷன், பனியனும் கிரீசுமாக, யாருக்கும் முகத்தைக் காட்டாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பதிலாக இவர் வருத்தப்படுகிறார். யாரோ செய்ததற்கு யாரோ மன்னிப்புக் கேட்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் தன் கணவனுக்காக அழுதது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமையன்றே மருத்துவமனையில் கடைசி அமர்வும் இருந்தது. ஒரு வருஷம் முடியப்போகிறது, இதற்கு மேல் சதை எதையும் பிடிக்காது. கோகிலவாணி காலையிலேயே போன் செய்துவிட்டாள்.

"நானும் வாரேன் அம்மிணி. என்ற பையன் கலியாணத்துக்குத் தாய்மாமன் சீரு எப்படிச் செய்யோணும்னு அவங்கிட்ட ரெண்டு வார்த்தை..."

"வேண்டாங்க நங்கையா."

"என்ன வேண்டாங்கற? இணைச்சீருக்காரி..."

"உங்க தம்பி தலை நெறஞ்சு போச்சுங்க. எடமில்லீங்க" என்று சொல்லி போனை வைத்தாள் தாரணி. நாத்தனாரிடம் அவள் அப்படிப் பேசியது கிடையாது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

டாக்டர் பர்வீன் தொப்பியை மாட்டும்போது தாரணி கேட்டாள்: "ஏனுங்க டாக்டர், சொன்னதைத் திருப்பி எடுக்க முடியுமுங்களா?"

"முடியாதுங்களே. மேல வேணா ஒண்ணு சேர்க்கலாம்."

"அவரோட சொந்த ஞாபகம், பழசு, ஒரு துளியாவது உள்ள எங்காச்சும் இருக்குமுங்களா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "ஸ்கேன்ல நீங்களே பார்த்தீங்களேம்மா. அந்தப் பகுதி முழுசாப் போயிருச்சு. இப்ப இருக்கறது எல்லாம் நீங்க எல்லாருமாச் சேர்ந்து சொன்னதுதான். வீணா ஆசை வச்சுக்காதீங்க."

தாரணி எதிரில் உட்கார்ந்தாள். நவநீதன் கண்ணை மூடியிருந்தார். காரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தாள். அவருக்கு அது எவ்வளவு பிடிக்கும், அந்த எஞ்சின் முதல் தடவை உறுமியபோது எப்படித் துள்ளிக் குதித்தார் என்றெல்லாம். ஆனால் அவள் அப்போது ஷெட்டில் இல்லை. துள்ளிக் குதித்தாரா என்றே தெரியாது. இன்னொருவர் ஆசையை இவள் எங்கிருந்து எடுத்துச் சொல்வது?

கடைசியில் ஒரு பொய் சொன்னாள்.

"ஒரு நாள் நான் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். நீங்க திரும்பிப் பாத்தீங்க."

டாக்டர் காத்திருந்தார். "அவ்வளவுதானா? என்னைக்கு, என்ன நேரம், அவர் என்ன சொன்னார், நீங்க என்ன கட்டியிருந்தீங்க... விவரம் இல்லாட்டி ஒட்டாதுங்க."

"அவ்வளவுதானுங்க" என்றாள் தாரணி. நடக்காததற்கு விவரத்துக்கு எங்கே போவது? அந்த முதுகுக்கு ஒரு தடவையாவது ஒரு முகம் இருக்கட்டும் என்று பட்டது, சொன்னாள்.

விளக்கு வெகுநேரம் எரியவே இல்லை. பிறகு பச்சையாக எரிந்தது.

டிரைவரில்லாத டாக்சியில் வீடு வந்து சேர்ந்தபோது லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. வயிரவன் அனுப்பிய ஆள் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்த சாவியை வாங்கி ஷெட்டைத் திறந்து, ஃபுல்வியாவைப் பலகையில் ஏற்றி மேலே நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணைப் பறித்தது. தாரணி கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். போகட்டும் சனியன் என்று சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே. வழக்கமாக அந்த வார்த்தையில் இருக்கும் ருசி இல்லை.

நவநீதன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆமா தாரணி, திரும்பிப் பாத்தேன்" என்றார்.

"ம்" என்றாள் அவள். ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள். பொய் எல்லாம் நன்றாகத்தான் ஒட்டுகிறது.

"ஆனா நீ பாக்கலை. நான் திரும்பறதுக்குள்ள நீ திரும்பி நடந்துட்ட."

தாரணி அவர் பக்கம் பார்த்தாள்.

"நைட்டியை உள்பக்கம் வெளிய தெரிய மாத்திப் போட்டிருந்த" என்றார் நவநீதன். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை மாதமாக வீட்டில் இருந்த சாந்தமான சிரிப்பு இல்லை. ஒரு பக்கமாக உதட்டைக் கோணிக்கொண்டு வரும் சிரிப்பு. "தையலெல்லாம் வெளிய தெரியுது. கழுத்துக்குப் பின்னால கம்பெனிச் சீட்டு நீட்டிக்கிட்டு இருக்குது. நீ பாட்டுக்கு என்னையத் திட்டிக்கிட்டே வெடுவெடுன்னு போற. எனக்குச் சிரிப்புத் தாங்கலை. கூப்பிட்டுச் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ உள்ள போயிட்ட."

நைட்டியை அவள் அப்படி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தது உண்டா? அவளுக்குத் தெரியாது. தன் முதுகை அவள் எந்தக் காலத்தில் பார்த்தாள்? கோகிலவாணி அந்த வாசலுக்கு வந்ததில்லை. சித்தப்பா வந்ததில்லை. மகள் பார்த்திருந்தால் அப்போதே சொல்லிச் சிரித்திருப்பாள். இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. ஷெட்டுக்குள் நின்ற ஒருவரைத் தவிர வேறு யாரும் பார்த்திருக்கவே முடியாது.

தாரணி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா!" என்று லாரிக்காரரைக் கூப்பிட்டாள். "கயித்தை அவுத்துருங்க."

"ஏனுங்கம்மா, இப்பத்தானுங்களே கட்டி முடிச்சேன்!" அவர் லாரி மேலிருந்தே தலையில் கை வைத்துக்கொண்டார். "வெய்யில்ல ஒத்த ஆளா ஏத்தியிருக்கறனுங்க. காரைக்குடிக்கு என்னங்க பதில் சொல்றது?"

"அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அவுருங்க."

"விக்கறீங்களா, இல்லீங்களா? ஒண்ணு சொல்லுங்கம்மா!"

தாரணி நவநீதனின் சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் உள்ள போனதுக்கப்பறம்" என்று கேட்டாள், "நீங்க என்னங்க பண்ணுனீங்க?"